மின்னலுக்கு மெயினை அணைத்த பால்பாண்டி அண்ணன்

பால்பாண்டி அண்ணன் இறந்துவிட்டார். காலையில் டிபார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன்... நெஞ்சுவலியாம்.

எங்கள் கல்லூரியில் இயற்பியல் துறையின் கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துக்கொண்டவர். அதற்கு முன் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை.

அங்கே வெடிமருந்து அறைக்குள் நுழையுமுன், உடம்பில் உள்ள மின்சாரம் இறங்கட்டும் என்று வாசலில் இருக்கும் செம்புத் தகட்டைத் தொடுவார்கள். அதே மாதிரி ஒரு தகட்டை எங்கள் அறை வாசலிலும் அவரே பதித்து வைத்திருந்தார். "தொட்டுட்டு வாங்க." துறைத் தலைவர்கூடத் தப்பவில்லை.

என் பிஎச்டி வேலை, கோபால்ட்டும் செம்பும் ஒட்டும் இடத்தைப் பற்றியது. எலக்ட்ரானுக்கு ஸ்பின் உண்டு, மேல் அல்லது கீழ். எந்த ஸ்பின் அந்த எல்லையைத் தாண்டும், எது திரும்பிவிடும் என்று கணக்கிடும் மாடல்.

யாரிடமும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசாத நான், இதை அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

"அப்ப நீங்க கேட் வாட்ச்மேனு. யாரு உள்ள போறாக, யாரு திரும்புறாகன்னு பாக்கீக. அதுக்கா இம்புட்டு படிப்பு?" என்று சிரித்தார். அதன்பின் தினமும் காலையில் அதே கேள்விதான். "எம்புட்டு தாண்டுச்சு தாயி?"

மூன்று வாரம் முன்பு, ஒரு மதியம், மின்னல். நான் சாப்பிட்டுத் திரும்பினால் அறை இருட்டாகக் கிடந்தது. மெயின், யுபிஎஸ் இரண்டையும் அணைத்து, எல்லாரையும் வெளியே நிறுத்தியிருந்தார். பட்டாசு கம்பெனியில் மின்னினால் அப்படித்தான்.

கம்ப்யூட்டரில் பதினோரு நாள் ஓடிய என் கணக்கு போயிற்று. நடுவில் சேமித்து வைக்காதது என் தப்பு. ஆனாலும் எல்லார் முன்னாலும் கத்தினேன். "இது என்ன மருந்து ரூமாண்ணே? ஒங்களுக்கு என்ன தெரியும்?"

"கை தானா போயிருச்சு தாயி..." என்றார்.

பட்டாசுக்குத் திரி வைத்தே என்னைப் படிக்க வைத்தவர் அம்மா. அன்று வீட்டில் சொன்னபோது, சோற்றைப் போட்டபடி, "மின்னுனா அமத்தத்தான செய்வாக?" என்றார்.

மறுநாளிலிருந்து அண்ணன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மறுபடி ஓடவிட்ட கணக்கு முடியட்டும், பதிலையும் சொல்லி மன்னிப்பும் கேட்டுவிடலாம் என்று தள்ளிப்போட்டேன்.

நேற்று சாயங்காலம் முடிந்தது. அவர் லீவு என்றார்கள். திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று பஸ் ஏறிவிட்டேன்.

அண்ணே, மேல் ஸ்பின் அநேகமாக எல்லாமே தாண்டிவிட்டது. கீழ் ஸ்பின்னில் பாதிக்கு மேல் திரும்பிவிட்டது.

அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிச்சிருங்க.

போயிட்டு வாங்கண்ணே...