பாடத்தின் குறுக்கே ஓடிய எண்

குரூப் ஃபோர் தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. உடன் படிக்கும் தோழி ஒரு விளம்பரத்தை அனுப்பினாள். எங்கள் பயிற்சி மையத்தின் வீடியோ வகுப்புகளை யாரோ திருடி, இணையத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"பாருடி, எவ்ளோ சல்லிசா தர்றான். நாமதான் ஏமாளிங்க."

மாதிரிக்கு ஒரு வகுப்பு இலவசம். திறந்தேன். ஆசிரியரின் முகத்துக்குக் குறுக்கே மங்கலாக ஒரு கைபேசி எண் நகர்ந்தது. எந்த மாணவரின் கணக்கிலிருந்து வகுப்பு வெளியே போனது என்று காட்டிக்கொடுக்க மையம் செய்திருந்த ஏற்பாடு அது. சிக்கியவரைச் சேர்க்கையிலிருந்து நீக்கிவிடுவார்கள்.

அது அப்பாவின் எண். நான் சேர்ந்தபோது வீட்டில் அந்த ஒரு போன்தான் இருந்தது.

அப்பா தறிக்குழியில் கால் வைத்து நெய்துகொண்டிருந்தார். அந்த வீடியோவைக் காட்டி நான் கேட்டதும் கை நின்றது.

"கிளாஸ்ல இருந்துன்னுதாம்மா பேசுனாங்க. ஆறு நம்பர் வரும், படிங்கன்னாங்க. நீ லைப்ரரி போயிருந்த. நானே படிச்சேன். ஒண்ணுகூட தப்பில்ல."

அந்த ஆறு எண்களை வைத்துத்தான் யாரோ என் கணக்குக்குள் நுழைந்திருந்தார்கள். அப்பா பள்ளிக்குப் போனதில்லை. தறியின் மேலே ஓடும் டிசைன் அட்டைகளின் வரிசை எண்களைப் பார்த்துப் பார்த்து எண்களை மட்டும் கற்றுக்கொண்டவர்.

மறுநாள் மையத்திலிருந்து எங்களை வரச்சொன்னார்கள். மொபெட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து போகும்போதே பொய்யைத் தயார் செய்தேன். போன் இரண்டு நாள் தொலைந்திருந்தது என்று சொல்லிவிட வேண்டும்.

"அங்க நீ வாயத் தொறக்காத. நான் பேசிக்கிறேன்."

"சரிம்மா. நீதான் படிச்சவ."

மைய நிர்வாகியின் கணினியில் அதே வீடியோ நின்றிருந்தது. "யாரு நம்பர் இது?" என்றார் அவர்.

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார். "எங்களுதுதான் சார். நான்தான் படிச்சு சொன்னேன்."

"யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த மெசேஜ்லயே போட்டிருக்குமே, பெரியவரே?"

அப்பா என்னைப் பார்த்தார், பிறகு அவரை.

"அது எழுத்து சார். எனக்கு நம்பர் மட்டும்தான் தெரியும்."

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன் கணக்க மூடிட்டேன்," என்றார் நிர்வாகி கடைசியில். "வீடியோ கெடையாது. பரீட்சை வரைக்கும் தெனமும் நேர்ல வந்து உக்காரு. ஒரு நாள் வரலன்னாலும் பேரை எடுத்துடுவேன்."

ஒரு நாளும் தவறாமல் போனேன். சாயங்காலம் திரும்பியதும், தறி நின்ற பிறகு, அப்பாவுக்கு 'அ' எழுதிக் காட்டினேன். அந்த விளம்பரம் இன்னும் ஓடுகிறது. யாரோ படிக்கும் பாடத்தின் குறுக்கே அவருடைய எண் இப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும்.