வட்டப் படம் இல்லாத பிளெக்ஸ்

நாற்பத்திரண்டு வயதில் பட்டம் வாங்கிக்கொண்டு புதுக்கோட்டையிலிருந்து பொன்னமராவதி வந்து இறங்கிய வள்ளிக்கண்ணு, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தன் முகத்தையே ஆளுயரத்துக்குப் பார்த்தாள். ‘பி.ஏ. பட்டம் பெற்ற வள்ளிக்கண்ணுவை வாழ்த்துகிறோம்’ என்றது பிளெக்ஸ். வாழ்த்துவது யார் என்றுதான் இல்லை.

அதுதான் அவளைக் குடைந்தது. மகள் கார்த்திகா பத்தாவது தேறியபோதும் பன்னிரண்டாவது தேறியபோதும் இவளே பிளெக்ஸ் வைத்தவள். இரண்டிலும் கீழே வட்டம் வட்டமாகச் சொந்தக்காரர்களின் முகங்கள். படம் விட்டுப்போன ஒரு மாமா ஆறு மாதம் இந்த வீட்டுப் பக்கமே வரவில்லை. தன் மூஞ்சி தெரியத்தானே இந்த ஊரில் பிளெக்ஸே வைக்கிறார்கள்!

சிங்கப்பூரில் இருக்கும் கணவருக்குப் போன் போட்டாள். “நான் வைக்கலையே” என்றார். கார்த்திகா சத்தியமே செய்தாள். பொறுக்கமாட்டாமல், பட்டமும் கையுமாகப் பிளெக்ஸ் கடைக்கே போய்விட்டாள்.

கடைக்காரர் கணேஷ் சிரித்தார். “ஒங்க அப்பாதாங்க்கா வந்து கொடுத்தாரு. அவரு போட்டோவையும் கீழ போட்டுரவான்னு கேட்டேன்.”

“என்ன சொன்னாரு?”

“‘பத்தாவதோட அவ படிப்பை நிறுத்துனதே நான்தான். என் மூஞ்சி அதுல எதுக்கு’ன்னுட்டாருக்கா.”

வள்ளிக்கண்ணு கையிலிருந்த பட்டத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு போனில் தேடி, அப்பாவின் படம் ஒன்றை எடுத்து நீட்டினாள்.

“இதை ஒரு வட்டத்துல போட்டு ஒட்டிருங்க. ரொம்பப் பெருசா வேணாம்.”