கட்டிலுக்கு மேலே ஒரு பீம்

தெருவில் அவளுக்குத் தட்டுக்காரி என்று பெயர். பாலங்களிலும் பழைய கட்டடங்களிலும் பீமில் சென்சார் ஒட்டி, ரப்பர் முனைச் சுத்தியலால் தட்டி, அது அதிர்வதைக் கணினித் திரையில் பார்ப்பது அவள் வேலை. உள்ளே விரிசல் விட்ட பீம் முன்னைவிட மெதுவாக அதிரும். ஊரார் கட்டடங்களுக்கெல்லாம் பார்த்துச் சொன்னவளுக்கு, தன் தலைக்கு மேலேயே அந்தச் சோதனை வரும் என்று யார் கண்டது?

கீழே கூட்டுக் குடும்பம். மாடியில் அத்தான், அதாவது கணவனின் அண்ணன், நடத்தும் தையல் கூடம். கணவனுக்கும் அங்கேதான் சம்பளம். புதிதாக ஒரு கனமான இயந்திரம் வாங்க, கட்டடம் தாங்கும் என்று யாராவது கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. வீட்டிலேயே ஆள் இருக்கும்போது வெளியே போவானேன்?

கல்யாணமான புதிதில், கூடம் காலியாகக் கிடந்தபோது அவள் அதன் தளத்தைத் தாங்கும் பீமைத் தட்டிப் பார்த்திருந்தாள். இப்போது அதிர்வு வெகுவாக மந்தப்பட்டிருந்தது.

"அது மெஷின் கனம்மா," என்றார் அத்தான். "பாரம் ஏத்தினாலும் அதிர்வு மந்தமாகும்னு நீதானே பாடம் எடுத்த? சோத்த ஆறப்போட்டுட்டு கேட்டேனே."

அவள் சொன்னதுதான். அவள் வார்த்தையே அவள் கையைக் கட்டியது.

"அப்போ எல்லாத்தையும் கீழ இறக்குங்க அத்தான். காலியா வச்சுத் தட்டறேன். கனம்தான் காரணம்னா பழையபடி வந்துடும்."

விடுமுறை நாளில் இயந்திரங்களை முற்றத்தில் இறக்கினார்கள். கடவுளே, என் கணக்குப் பொய்க்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அவள் தட்டினாள். அதிர்வின் வேகம் ஏறியது. பாதியில் நின்றுவிட்டது. மீதிக்குக் கனத்தின்மேல் பழி போட வழியில்லை. பீம் நெடுகச் சென்சார் ஒட்டி மறுபடி தட்டினாள். வில்லாக வளைய வேண்டிய கோடு, திரையில் ஓரிடத்தில் மடங்கியது; விரிசல் அங்கேதான்.

"பாதி வந்துச்சுல்ல?" கணவன் குரலைத் தாழ்த்தினான். "மீதிய நீ போட்டுக்கோ. அண்ணன் வெளிய போன்னுட்டா நாம எங்க போறது?"

கையெழுத்துப் போட்டால் உயிருக்கு ஆபத்து, போடாவிட்டால் வயிற்றுக்கு. பேனாவை மூடி வைத்தாள். எழுந்து போகவும் இடமில்லை. எந்த அறைக்குப் போனாலும் அது அத்தானின் அறைதான்.

இத்தனை வருடம் அவளைச் சுத்தியல் மகாராணி என்று குத்திக்காட்டிய ஓரகத்தி, அத்தானின் மனைவி, வாசற்படியில் நின்றிருந்தாள்.

"மடங்குதுன்னியே, அதுக்கு நேர் கீழ என்ன இருக்கு?"

தட்டுக்காரி உள்ளறைக்கு நடந்தாள். ஓரகத்தியின் மகள் படுக்கும் கட்டிலருகே நின்றாள்.

"இங்கதான் அக்கா."

ஓரகத்தி மேலே பார்த்தாள். அழகாக வெள்ளையடித்த பீம். வெகுநேரம் பார்த்தாள்.

முற்றத்திலிருந்து அத்தானின் குரல் வந்தது. "என்னம்மா, கையெழுத்து ஆச்சா? மெஷின மேல ஏத்தணும்."

"ஏத்த முடியாதுங்க. கூடத்துச் சாவி என் இடுப்புல இருக்கு," என்று திரும்பாமலே சொன்னாள் ஓரகத்தி. அறைக் கதவைத் தாழிட்டாள். "பிடிடி அந்தப் பக்கம். மூலைக்கு நகத்துவோம்."

நகரவில்லை. அறைக்குள்ளேயே செய்து, கால்களைச் சுவரோடு ஆணியடித்து இறுக்கிய கட்டில் அது. வெளியே கதவு தடதடவென்று தட்டப்பட்டது. தட்டுக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு கட்டில் காலை நோக்கிச் சுத்தியலை ஓங்கினாள்.

"அது ரப்பர்டி," என்றாள் அக்கா. "பரண்மேல இரும்புச் சுத்தி இருக்கு, எடு."