சொன்னால்தான் சாப்பிடும்

அவர் பூட்டு ரிப்பேர்க்காரர். ஊரார் பூட்டையெல்லாம் திறப்பார்; தன் வாயை மட்டும் திறக்க மாட்டார். மனைவி இறந்த பிறகு சுத்தமாகப் பேச்சே இல்லை.

மகள்தான் நச்சரித்து, லேப்ரடார்களை மட்டும் மீட்டுத் தத்துக் கொடுக்கும் குழுவிடமிருந்து ஏழு வயது நாய் ஒன்றைக் கொண்டுவந்து விட்டாள்.

"பேச்சுத்துணைக்கு இருக்கட்டும்ப்பா."

நாய் சாதுதான். ஆனால் கிண்ணத்தில் சாப்பாடு வைத்தால் எதிரே உட்கார்ந்து, எச்சில் ஒழுக, அவர் முகத்தையே பார்க்கும். வாய் வைக்காது. குழுவில் இருந்த பெண்ணுக்குப் போன் போட்டார்.

"சொன்னாத்தான் சாப்பிடும் சார், அப்படிப் பழக்கியிருக்காங்க. என்ன சொல்லணும்ங்கிறது வளர்த்த அம்மாவோடயே போயிடுச்சு. நாங்க கையாலதான் ஊட்டினோம்."

அவரும் ஊட்டிப் பார்த்தார். இரண்டு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. "சாப்பிடு" என்றார், "எடுத்துக்கோ" என்றார், "ராஜால்ல" என்று கெஞ்சக்கூடச் செய்தார். ம்ஹூம்.

ஒரு மத்தியானம் அவரும் தட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு வாய்கூட இறங்கவில்லை. நாயும் பார்த்தபடியே இருந்தது. எரிச்சல் தலைக்கேறியது. அவர் முரண்டு பிடிக்கும்போதெல்லாம் மனைவி கரண்டியும் கையுமாக நின்று கத்துவாளே, அதே வார்த்தை அவர் வாயில் வந்தது:

"கொட்டிக்கோயேன், யாரு வேண்டாங்கிறா!"

நாய் பாய்ந்து தின்றது. கிண்ணம் தரையில் நகர நகர, பின்னாலேயே போய் நக்கியது.

நாயை வளர்த்த அந்த அம்மாவும் தன் மனைவி மாதிரிதான் போலிருக்கிறது.

நாய்க்குச் சொல்ல அவர் கிடைத்துவிட்டார். அவர் தட்டில் சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது.