ஆஸ்கர் மீனுக்கு லாரி ட்யூப்

விருத்தாசலத்தில் மீன் தொட்டி கழுவுவதையே தொழிலாக வைத்திருப்பவர், எனக்குத் தெரிந்து, அருள்ஜோதி என்ற பெண்மணி ஒருவர்தான். வயது நாற்பத்திரண்டு. முன்பு ஒரு பல் டாக்டரிடம் டோக்கன் கொடுக்கும் வேலையில் இருந்தார். அங்கே தொட்டியில் வாரத்துக்கு ஒரு மீன் செத்து மிதந்தது. தொட்டியையே தூக்கிப் போடச் சொன்னார் டாக்டர். "ஒரு மாசம் எங்கிட்ட வுடுங்க சார்" என்றார் அருள்ஜோதி. மீன்கள் பிழைத்துக்கொண்டன. பல் காட்ட வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். இப்போது முப்பத்தொரு தொட்டிகள். ஸ்கூட்டியில் வாளியும் வலையும் வைத்துக்கொண்டு மங்கலம்பேட்டை வரை போய் வருகிறார்.

கணவர் சூசைநாதனுக்குப் பீங்கான் ஃப்யூஸ் கட்டை சுடும் சூளையில் வேலை. "கொழம்புக்கும் ஆவாது, வறுவலுக்கும் ஆவாது, இதுக்கெல்லாம் ஒரு வூடு" என்று தொட்டியைக் கடக்கும்போதெல்லாம் சொல்வார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி ஒன்று. அதில் இரண்டு ஆஸ்கர் மீன்கள். ஊர் மாறிப்போன ஒரு வாடிக்கையாளர் விட்டுச் சென்றவை, ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கு மேல் நீளம்.

போன நவம்பர் கடைசியில் புயல் அறிவிப்பு வந்தது. அருள்ஜோதியின் போன் ஓயவில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்வி, கரண்ட் போனால் மீன் என்ன ஆகும் என்று. அவரும் சலிக்காமல் சொன்னார். "ரெண்டு நாளைக்குத் தீனி போடாதீங்க. இன்னைக்கே கொஞ்சம் தண்ணி மாத்திடுங்க. கரண்ட்டு போயிட்டா, சொம்புல மோந்து மேலேர்ந்து அதுலயே ஊத்துங்க. காத்து கலந்துக்கும்."

பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் அவரிடம் மூன்று இருந்தன. இரண்டைப் பெரிய தொட்டிக்காரர்களுக்குக் கொடுத்தார். மூன்றாவது தன் வீட்டுக்கு. அந்த நேரம் பார்த்து மங்கலம்பேட்டை வாடிக்கையாளர் சம்சாத் பேகம் அழைத்தார். அவர் கணவர் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் அவரும் மாமியாரும்தான்.

"மாமிக்கு ஆபரேசன் ஆயி படுத்திருக்காங்கக்கா. அவங்களயும் பாத்துக்கிட்டு மீனுக்கும் தண்ணி மோந்து ஊத்த எனக்கு முடியுமா?"

"நீ ஒண்ணும் பண்ண வேணாம் சம்சாத்து. நான் வரேன்."

மூன்றாவது மோட்டாரும் போய்விட்டது.

வீடு திரும்பியபோது சூசைநாதன் வந்திருந்தார். புயலுக்காகச் சூளையை முன்பே அணைத்துவிட்டார்கள். டிரம் எல்லாம் நிரப்பி, மாடித் தகரத்தின் மேல் செங்கல் அடுக்கி முடித்திருந்தார். கரண்ட் இருக்கும்போதே அருள்ஜோதி இட்லிக்கு மாவு ஆட்டினார். போன்களை சார்ஜில் போட்டார். தொட்டியில் பாதித் தண்ணீரை மாற்றினார்.

"நம்ம மோட்டாரு எங்க?" என்றார் சூசைநாதன்.

"சம்சாத்துக்குக் குடுத்துட்டேங்க."

"அப்ப இதுங்க?"

அவர் மீன்களைப் பற்றி விசாரித்தது அதுதான் முதல் தடவை. சூசைநாதன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அரை மணி நேரத்தில், தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கும் கொளஞ்சியப்பனோடு வந்தார். ஆளுக்கொரு லாரி ட்யூப், நிறையக் காற்றோடு. சூசைநாதனின் சட்டைப் பையில் மருந்துக் கடையில் வாங்கிய ட்ரிப்ஸ் குழாய்.

ட்யூபின் வாயில் ட்ரிப்ஸ் குழாயை இறுக்கி, மறுமுனையைத் தொட்டிக்குள் விட்டார்கள். குழாயில் இருந்த சக்கரத்தை சூசைநாதன் மெல்லத் திருகினார். குமிழ்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே வந்தன.

"ஆஸ்பத்திரி வச்சிட்டியே சூசை!" என்றார் கொளஞ்சியப்பன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் காற்று வீசத் தொடங்கியதும் கரண்ட் போனது. ஒரு ட்யூப் இளைத்ததும் மற்றதை மாட்டினார்கள். இளைத்ததற்கு சைக்கிள் பம்பால் காற்றடித்தார்கள். காற்று குறைந்து குமிழ் சோர்ந்தபோது சூசைநாதன் ட்யூபின் மேலேயே ஏறி உட்கார்ந்தார். குமிழ்கள் சரசரவென்று கிளம்பின. அருள்ஜோதி சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த இட்லி மறந்துபோனது.

"சிரிக்காத ஜோதி. ஊருக்கெல்லாம் ஃப்யூஸ் கட்டை செஞ்சி அனுப்புறோம், நம்ம வூட்ல கரண்ட்டு இல்ல. நான் என்னா பண்ணட்டும்?"

ஆஸ்கர் இரண்டும் கண்ணாடியில் மூக்கை வைத்து அவரையே பார்த்தன. தீனி கேட்டன. "பாவம், பசிக்குது போல" என்றார். கூடவே கூடாது என்று அருள்ஜோதி தலையாட்டினார்.

இருவரும் முறை வைத்துத் தூங்கினார்கள். மூன்றாம் நாள் மதியம் கரண்ட் வந்தது. மீன்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் ஒரு வாடிக்கையாளர், பாவம் பார்த்துத் தீனி கொட்டியதில், அவர் தொட்டியில் இருந்த கப்பி என்ற சின்ன மீன்கள் மொத்தமும் செத்துப்போயின. அவரைக் கடிந்துகொள்ள அருள்ஜோதிக்கு மனம் வரவில்லை. தொட்டியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார்.

சூளை இன்னும் பற்றவைக்கவில்லை என்பதால் சூசைநாதனும் ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டார். சம்சாத் வீட்டில் எல்லா மீன்களும் உயிரோடு இருந்தன. சம்சாத் தீனி டப்பாவைக் கையில் எடுத்தார்.

"இன்னைக்குக் கொஞ்சமா போடும்மா" என்றார் சூசைநாதன். "பசியில ரொம்பத் தின்னுடும். அப்புறம் தண்ணி கெட்டுடும்."

சம்சாத் அருள்ஜோதியைப் பார்த்தார். "அண்ணனும் இந்த வேலைக்கே வந்துட்டாங்களாக்கா?"

"சூளை பத்த வைக்கிற வரைக்கும்" என்றார் அருள்ஜோதி, வாளியைக் கணவர் கையில் கொடுத்தபடி.