கேக்காமல் விட்ட ஒரு வாக்கு

எங்கட வீட்டில வாக்கு எண்டால் ஆம்பிளை சொல்லுறதுதான். மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்த பிறகும் அப்பா அந்த வழக்கத்தை விடேல்ல. தேர்தலண்டு காலமை வாசலில நிண்டு சின்னத்தைச் சொல்லுவார்; அம்மா, நான், தங்கச்சி வரிசையாப் போய்ப் புள்ளடி போட்டிட்டு வருவம். சண்டைக் காலத்தில வாக்குப் போடுறதே இல்லாமல் போச்சு. அது முடிஞ்சு திரும்பவும் தேர்தல் வரேக்க அப்பா இல்லை, வீட்டுக்கு ஆம்பிளை நான். அப்பா சொன்ன அதே சின்னத்தை நானும் சொன்னன். அந்தக் கட்சிக்காரர் எங்கட ஒட்டுசுட்டான் பக்கம் எட்டியும் பாக்கிறேல்ல. என்னத்துக்கு வரவேணும்? நான்தான் இருக்கிறனே!

போன பிரதேச சபைத் தேர்தலுக்கு வேற ஒரு கட்சிக்காரர் மோட்டார் சைக்கிளில வந்தினம். சட்டப்படி பட்டியலில இருக்கவேண்டிய பெண் வேட்பாளரில ஒராள் குறையுதாம். “பேரை மட்டும் தாங்கோ அக்கா, மிச்சம் நாங்கள் பாப்பம்” எண்டு என்ர மனுசியிட்டக் கேட்டினம். அவாவும் கையெழுத்து வைச்சிட்டா. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. “பேருக்குத்தானேயப்பா” எண்டா. சரி, துலையட்டும் எண்டு விட்டன்.

எங்க! நோட்டீசில தன்ர படத்தைப் பாத்த உடன மனுசிக்கு என்ன வந்ததோ தெரியாது. “படத்தைப் போட்டிட்டுச் சும்மா இருந்தால் சனம் சிரிக்கும்” எண்டு சைக்கிளை எடுத்தா. பின்னேரம் பின்னேரமா வீடு வீடாப் போனா. காட்டோரத்து றோட்டுக்கு லைட் வேணும், இருட்டில யானை நிக்கிறது தெரியாமல் சனம் கிட்டப் போயிடுது. இதுதான் அவாவின்ர கதை முழுக்க. என்ர சினேகிதர் வீடுகளுக்கும் போனா. எனக்கு வெக்கமாய் இருந்தது. பொய் சொல்லக்கூடாது, கொஞ்சம் பெருமையாயும் இருந்தது. இப்ப ஊரில ஒரு வீட்டுக்குள்ளயே தாய்க்கு ஒரு கட்சி, மகனுக்கு ஒரு கட்சி. எங்கட மகளும் “என்ர வாக்கு ரகசியம் அப்பா” எண்டு சொல்லிப்போட்டாள்.

வாக்குப் போடப் போனன். விரலில மை பூசிச் சீட்டைத் தந்தினம். மறைப்புக்குள்ள நிண்டு மனுசியின்ர சின்னத்தைத்தான் முதல் தேடினன், சத்தியமா. கண்டும் பிடிச்சன். பிறகு பழைய சின்னத்துக்குப் புள்ளடி போட்டன். கை பழகிப் போச்சு எண்டு சொல்லலாம். போட்டது நான்தான்.

மனுசி தோத்துப் போனா. ஆனால் பேருக்கு நிண்டவாவுக்கு இவ்வளவு வாக்கோ எண்டு அந்த மோட்டார் சைக்கிள்காரரே வாயைப் பிளந்தினம். அடுத்தநாள் காலமை தேத்தண்ணி தரேக்கச் சொன்னா: “உங்கட வாக்கெண்டாலும் கிடைச்சுதே, எனக்கு அது காணும்.”

தேத்தண்ணியைக் கீழ வைச்சன். உள்ளதைச் சொன்னன்.

கத்தப்போறா எண்டு பாத்தன். கண் கலங்கிப் போச்சு. “பிழை என்னிலதான்” எண்டா. “எல்லா வீட்டுக்கும் போனன், இந்த வீட்டில மட்டும் வாக்குக் கேக்கேல்ல. நீங்கள் என்ர ஆள்தானே எண்டு இருந்திட்டன். உங்கட கட்சியும் உங்களை அப்பிடித்தானே நினைச்சுக்கொண்டிருக்குது?”

அவா எழும்பி, மிஞ்சிக் கிடந்த நோட்டீசில ஒண்டை எடுத்துக்கொண்டு வெளியில போனா. படலையைத் தட்டிற சத்தம் கேட்டது.

“ஐயா, வீட்டில ஆர்? அடுத்தமுறை உங்கட வாக்கை எனக்குத் தாங்கோ.”

இத்தனை வயசுக்கு என்ர வாக்கைக் கேட்டு ஒருத்தரும் என்ர படலையைத் தட்டினதில்லை. நான் கதிரை ஒண்டை இழுத்துப் போட்டன்.

“வாங்கோ, இருங்கோ. அந்த லைட் கதையை முதலில இருந்து சொல்லுங்கோ. கேட்டிட்டுத்தான் யோசிப்பன்.”