வாக்கியமா, திருக்கணிதமா?

“வாக்கியமா, திருக்கணிதமா?”

மெட்ராஸிலிருந்து மகள் ஜாதகத்துக்காக வந்தவரிடம் சோசியர் ஒரே ஒரு தடவைதான் கேட்டார். பதில் வந்ததும் இரண்டு பஞ்சாங்கங்களில் அந்த ஒன்றை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு, சூரியனுக்கும் சனிக்கும் அதையே புரட்டினார். பக்கத்தில் நின்ற எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஜாதகம் கணிக்க நான் எழுதிய கம்ப்யூட்டர் புரோகிராமோ ஒவ்வொரு கிரகத்துக்கும் ‘இஃப்’ என்று ஒரு நிபந்தனை போட்டு எந்தப் பஞ்சாங்கம் என்று பார்த்தது. எங்கோ ஓர் இஃப் விட்டுப்போய், பாதி ஜாதகம் வாக்கியத்திலும் பாதி திருக்கணிதத்திலுமாக வந்துகொண்டிருந்தது.

சி மொழியில் ஃபங்ஷன் பாயிண்டர் என்று ஒன்று உண்டு. கணக்குப் போடும் பகுதி மெமரியில் எங்கே இருக்கிறது என்ற முகவரியை ஒரு வேரியபிளில் வைத்துக்கொள்வது. படித்தபோது எதற்கென்றே விளங்கவில்லை. சோசியரைப் பார்த்ததும் விளங்கியது. ஒரு தடவை கேட்டு, அந்த முகவரியை வைத்துக்கொண்டால் போதுமே!

ஆடித்தபசுக்கு மூன்று நாள்தான் இருந்தது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் அண்ணாச்சி தன் கம்ப்யூட்டரைத் திருவிழாவில் ஜாதகக் கடையாக வைக்கப்போகிறார். நான் எழுதியது ஓடாவிட்டால் எழுதித் தர மதுரையிலிருந்து வேறு ஆள் வரும். அப்புறம் என்னை அந்த மெஷினைத் தொட விடமாட்டார். ஊரில் வேறு மெஷினும் எனக்குத் தெரிந்து கிடையாது.

இரண்டு நாளில் இஃப் எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டுப் பாயிண்டரை வைத்தேன். என் ஜாதகம் இரண்டு முறையிலும் சரியாக வந்தது, சோசியரே தலையாட்டினார். பிறகு அண்ணாச்சி உட்கார்ந்தார். பிறந்த தேதி, நேரம் அடித்தார். பஞ்சாங்கம் எது என்று கேட்ட இடத்தில் ஒன்றும் அடிக்காமல் என்டரைத் தட்டினார். திரை அப்படியே நின்றது.

“ஏலே, இது யோசிக்குதா, உறங்குதா?”

“வாக்கியத்துக்கு ஒண்ணு அடிக்கணும் அண்ணாச்சி, திருக்கணிதத்துக்கு ரெண்டு.”

“வெளியூர்க்காரன்கிட்ட கேளு. நம்ம ஊர்ல வாக்கியம்தாம்ல. இதப் போயி கேட்டா சிரிக்க மாட்டானா?”

சோசியர் இப்போதே சிரித்தார். பதில் இல்லாததால் பாயிண்டரில் முகவரியும் இல்லை. எங்கே என்று சொல்லாமலே, போய்க் கணக்குப் போடு என்றிருக்கிறேன். கடையில் விசை தட்டப்போவதும் அண்ணாச்சிதான். வரிசையில் நிற்கப்போவதும் பெரும்பாலும் நம் ஊர் ஆட்கள்.

“காலையில ஒம்பது மணிக்கு வாரேன். அப்பவும் நின்னுச்சுன்னா மதுரைக்குப் போன்தான், பாத்துக்கோ.”

அவர் போனதும் நின்றுபோன மெஷினை அணைத்து மறுபடி போட்டேன். கேள்வி கேட்பதற்கு முன்பே பாயிண்டரில் வாக்கியத்தின் முகவரியை வைத்துவிட வேண்டும். ரெண்டு அடித்தால் மட்டும் மாற்ற வேண்டும். ஒரு வரிதான். ஆனால் அண்ணாச்சி மூன்று அடித்தால்? விரல் தவறி எழுத்தை அடித்தால்? கீபோர்டில் உள்ள ஒவ்வொரு விசையையும் அந்தக் கேள்விக்குப் பதிலாகத் தட்டிப் பார்த்துவிடுவது என்று, இடது ஓரத்திலிருந்து தொடங்கினேன்.